நீலக்கதவின் ஏழாவது சீட்டு

சின்னவள் உருவாக்கிய வீடியோ விளையாட்டு வெள்ளிக்கிழமை வெளியாகிறது என்று தெரிந்ததிலிருந்து அந்த வீடு தலைகால் புரியாமல் இருந்ததைப் போன வாரம் பார்த்தோம். லிஃப்ட் மெக்கானிக் தன்னோடு வேலை செய்கிறவர்களிடமெல்லாம், "என் மச்சினி பேய் வரையறாப்பா" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, நம் பெரியவள், கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். வந்தவர் மூக்கில் பிரேமை மாட்டிய கையோடு, "என் தங்கச்சி இருக்காளே..." என்று ஆரம்பித்துவிடுவாள்.

இவர்களின் ஒரே மகள் கடுகுக்குச் சித்தி தனிச் சலுகை செய்திருந்தாள். வெளியாவதற்கு முன்பே விளையாடிப் பார்க்கும்படி கடுகின் டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

கடுகு என்பதும் சித்தி வைத்த பெயர்தான். பிறக்கும்போது அவ்வளவுதான் இருந்தாளாம். இப்போது பதின்மூன்று வயது. உயரம் வந்துவிட்டது. காரமும் குறையவில்லை.

புதன்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை. பெரியவள் வேலைக்குக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சோபாவில் மகளின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு, திரையில் 'நீலக்கதவு மாளிகை'யைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூசி படிந்த ஒரு கூடம். ஒட்டடை. தானாக ஆடுகிற ஊஞ்சல் நாற்காலி. திரையின் அடியில் தேடவேண்டிய பொருள்களின் பட்டியல்: ஊசி, பல்லி, ஒற்றைக் கம்மல், உடைந்த கோப்பை, சாவி.

"அம்மா, பல்லி எங்கேம்மா? தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு."

"கடிகாரத்துல பெரிய முள்ளைப் பாரு."

"முள்ளுக்கு என்ன?"

"அது முள்ளு இல்லடி. வாலு."

கடுகு தட்டினாள். முள் நெளிந்து பல்லியாகி ஓடியது.

"நீ மனுஷியா, பூதக்கண்ணாடியா?"

"தரையில விழுந்த பிரேம் ஸ்க்ரூவைத் தேடி எடுக்கிற பொழப்பு எனக்கு. பல்லியெல்லாம் எம்மாத்திரம்? ஊசி அந்தத் திரைச்சீலை மடிப்புல இருக்கு. கம்மல் அலமாரிக் குமிழுக்குப் பின்னாடி."

"அலமாரியைப் பாரேன்! நம்ம வீட்டு அலமாரி! ஒரு கதவு தொங்குறதுகூட அப்படியே இருக்கு. சித்தி நம்ம வீட்டையே சுட்டுட்டாங்க."

பெரியவள் சிரித்தாள். "படம் எடுத்துக்கட்டுமாக்கா" என்று தங்கை கேட்டபோது, "எடுத்துக்கோ, வாடகையைக் கொடுத்துடு" என்று சொன்னவள் அவள்தான்.

ஒரு அறையின் பொருள்கள் எல்லாம் கிடைத்துவிட்டால் மாடிப்படி திறக்கும். மேலே ஒரு நீலக்கதவு. அதைத் தட்டினால், கதவின் அடியிலிருந்து ஒரு சீட்டு நழுவி வரும். உள்ளே இருக்கிற பெண் ஏன் வெளியே வருவதில்லை என்பதை அந்தச் சீட்டுகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஏழு அறை, ஏழு சீட்டு. முதல் இரண்டைக் கடுகு நேற்றே வாங்கிவிட்டாள்.

டொக், டொக், டொக்.

மூன்றாவது சீட்டு வந்தது. எழுத்துகளிலிருந்து கறுப்பு மை வழிந்தது. கடுகு குரலை நடுங்கவைத்து, பேய் மாதிரி வாசித்தாள்.

"'அதைத் தூக்கிக்கிட்டுப் போங்க. அழற சத்தம் சுவரைத் தாண்டி வருது. மழையில நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு. என்னுது இல்ல. ஆள் மாத்திக் கொடுத்துட்டாங்க. போய்க் கேளுங்க.'"

பெரியவளின் முகவாய் மகளின் தோளை விட்டு மெல்ல விலகியது.

"செம பேய்ம்மா இது! பெத்த குழந்தையையே வேணாங்குது. ராட்சசி."

மழையில் நனைந்த கோழிக்குஞ்சு. அந்த வார்த்தைகளை எந்தக் கதாசிரியரும் யோசித்து எழுதவில்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே வீட்டின் பின்னறையில், காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் பெரியவள் எழுதியது அது. பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் அவள் அந்த அறையை விட்டு வரவில்லை. பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கதவின் அடியில் தள்ளினாள். வெளியே புருஷனும் தங்கையும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தார்கள். தங்கை மடியில் குழந்தை.

அது ஒரு நோய் என்று பிறகு டாக்டர் சொன்னார். மாத்திரை, மருந்து, ஆறுதல் எல்லாம் சேர்ந்து ஒருநாள் கதவு திறந்தது. வெளியே வந்தவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தச் சீட்டையெல்லாம் எரிச்சிடுங்க. என் பொண்ணு கண்ணுல ஒருநாளும் படக் கூடாது." கொல்லையில் புகை வந்ததை அவளே பார்த்தாள்.

எரிந்துபோனது எப்படித் திரையில் வந்து நிற்கிறது?

மொத்தம் ஏழு சீட்டு எழுதியிருந்தாள். ஏழாவதில் என்ன எழுதினாள் என்பது அவளுக்கு மறந்தால்தானே!

"போதும். மூடு" என்றாள்.

"ஏம்மா? நாலாவது அறை திறந்தாச்சு."

"சாயங்காலம் நான் வந்தப்புறம் சேர்ந்து ஆடலாம். நான் இல்லாம ஆடாதே."

"பயந்துட்டியா?"

"ஆமா. பயந்துட்டேன்."

"சரி."

பதின்மூன்று வயதுக்காரர்கள் சொல்லும் 'சரி'க்கு ஆயுசு தெருமுனை வரைக்கும்தான். அது பெரியவளுக்குத் தெரியாததல்ல. டேப்பைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். பிடுங்கினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

* * *

"என்னம்மா இது, தரையெல்லாம் மேடும் பள்ளமுமா தெரியுது? கண்ணாடி போட வந்தேனா, கப்பல் ஏற வந்தேனா?"

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கடைக்கு நடுவில் கையை விரித்துத் தள்ளாடினார். பெரியவள் ஓடிவந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். இடது கண்ணின் லென்ஸ் வலதில் இருந்தது. வலதுடையது இடதில்.

இத்தனை வருஷத்தில் அவள் கையில் இப்படி நடந்ததில்லை.

"மன்னிச்சிடுங்க ஐயா. இதோ, அஞ்சு நிமிஷம்."

"அவசரமில்லம்மா. இன்னும் ரெண்டு நிமிஷம் போட்டிருந்தா வாந்தியே எடுத்திருப்பேன், அவ்வளவுதான்."

கடை முதலாளியம்மா கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். "காலையிலேர்ந்து பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே. வீட்டுல ஏதாவது?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமலா கண்ணை மாத்தி வச்சே? போ, சாப்பாட்டு நேரத்தை இப்பவே எடுத்துக்கோ. இவரை நான் பார்த்துக்கறேன்."

பெரியவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சோற்றுப் பக்கமே போகவில்லை. நேராகத் தங்கையின் ஆபீசுக்குப் போனாள். வழியெல்லாம் மனம் ஒரே கணக்கைப் போட்டது. புருஷன் எரித்துவிட்டார். அப்படியென்றால் எரிப்பதற்கு முன்பே இவள் திருட்டுத்தனமாக எழுதி வைத்திருக்க வேண்டும். கூடப் பிறந்தவள். அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதவள். அழுதுகொண்டே நகல் எடுத்தாளா?

* * *

மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது சின்னவளின் ஆபீஸ். உள்ளே ஒருவன் ஒரு பழைய நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டி, அதன் கிரீச்சொலியை மைக்கில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா! வா வா! ஷ்ஷ், பேய்க் கதவு திறக்குது" என்று சிரித்தாள் சின்னவள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "நீ கொஞ்சம் டீ குடிச்சிட்டு வாயேன்" என்று நாற்காலிக்காரனை அனுப்பினாள்.

"மழையில நனைஞ்ச கோழிக்குஞ்சு" என்றாள் பெரியவள்.

சின்னவள் அறைக் கதவைச் சாத்தினாள்.

"எப்பக் காப்பி எடுத்தே?"

"அக்கா, முதல்ல உக்காரு."

"உக்கார வரல. எப்ப எடுத்தே?"

"நான் எடுக்கல. சத்தியமா எடுக்கல." சின்னவள் மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்தாள். காக்கி அட்டை போட்ட ஒரு நீளப் பதிவேட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அது எங்கே இருக்க வேண்டிய பதிவேடு என்று பெரியவளுக்கு நன்றாகவே தெரியும். லிஃப்ட் பழுதானால் எழுதி வைப்பது. புருஷனின் பையில் இதைப்போல ஒன்று எப்போதும் கிடக்கும்.

திறந்தாள். நான்கு கட்டம் கட்டிய பக்கங்கள். தேதி. நேரம். பழுது. எடுத்த நடவடிக்கை. 'பழுது' என்ற கட்டத்தில், அழுக்கேறிய காலண்டர் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அவளுடைய கிறுக்கல். பக்கத்தில் புருஷனின் குண்டு குண்டான எழுத்து: 'காலை 9.10. சீட்டு வந்தது. கதவருகே உட்கார்ந்தேன். பேசவில்லை. பால் ஆறிவிட்டது.'

ஏழு சீட்டும் இருந்தன. ஒரு முனைகூடக் கருகவில்லை.

"மாமாதான் கொடுத்தாரு" என்றாள் சின்னவள் மெதுவாக.

பெரியவள் கைப்பேசியை எடுத்தாள். மூன்றாவது மணியில் அவர் எடுத்தார். பின்னால் கம்பி உரசும் ஓசை.

"என்ன? லிஃப்ட் மேல நிக்கறேன்."

"முதல்ல கீழ இறங்குங்க. நான் சொல்றதைக் கேட்டு விழுந்து வைக்காதீங்க."

"என்னாச்சு? கடுகுக்கு..."

"கொல்லையில எதை எரிச்சீங்க?"

மறுமுனையில் உரசல் ஓசை நின்றது. அவர் இறங்கிவிட்டாரா, அப்படியே நின்றுவிட்டாரா என்று தெரியவில்லை.

"எதை எரிச்சீங்கன்னு கேட்டேன்."

"...பழைய பேப்பர்."

"சீட்டை எரிச்சிட்டேன்னு என் தலையில கை வச்சுச் சொன்னீங்க."

"டாக்டர்தான் தினமும் நடக்கிறதைக் குறிச்சு வைக்கச் சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட் பதிவேட்டுல குறிக்கறது ஒண்ணுதான். மறுபடியும் உனக்கு அப்படி வந்துட்டா காட்டணுமேன்னு வச்சிருந்தேன். எரிக்க மனசு வரல."

"பழுதுங்கிற கட்டத்துல ஒட்டியிருக்கீங்க. நான் பழுதா?"

"ஐயோ, கட்டம் அப்படித்தான் போட்டிருந்ததும்மா. வேற எங்க ஒட்டறது?" அவர் குரல் உடைந்தது. "இப்ப கடுகு அலமாரியைக் குடைய ஆரம்பிச்சிட்டா. அவ கையில கிடைச்சிடக் கூடாதேன்னுதான் போன வருஷம் உன் தங்கச்சிகிட்டக் கொடுத்து எரிக்கச் சொன்னேன். எரிச்சிட்டேன்னு சொன்னாளே!"

"உங்ககிட்டக் கத்துக்கிட்டிருப்பா."

"நான் உடனே கிளம்பி வரேன்."

"வராதீங்க" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்வார்கள். இங்கே இரண்டு வேலிகள். ஒன்றுக்குத் தெரியாமல் ஒன்று மேய்ந்திருக்கிறது.

சின்னவள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். "ஆறு கதை எழுதிக் கொடுத்தேன்கா. ஆறையும் தூக்கிப் போட்டாங்க. பேய் வந்தா பயமா இல்ல, சிரிப்பு வருதுன்னாங்க. வேலையே போற மாதிரி இருந்தது. எரிக்கத்தான் எடுத்தேன். எரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சேன். மறுநாள் மீட்டிங்ல வாய் தவறிச் சொல்லிட்டேன். எல்லாரும் வாயடைச்சுப்போயிட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"வெக்கமா இல்லையாடி?"

"இருக்கு." சின்னவளின் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் குரல் தணியவில்லை. "ஆனா அந்த அஞ்சு மாசம் எனக்கும்தான்கா நடந்தது. இருபது வயசு எனக்கு. பரீட்சைக்குப் போகாம உன் குழந்தையை வச்சுக்கிட்டு அந்தக் கதவைப் பார்த்து உக்காந்திருந்தேன். நீ வெளிய வந்ததும் எல்லாரும் உன்னைக் கொண்டாடினாங்க. வெளிய உக்காந்திருந்தவளுக்குக் கதையே கிடையாதா?"

"இருக்கு. உன் கதையை எழுதியிருக்கலாம். எழுதியிருந்தா நானே ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பேன். என் சீட்டை ஏன் எழுதினே?"

சின்னவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'கடுகு'ங்கிற பேரை மட்டும் நீக்கிட்டேன்கா. அந்த அளவுக்கு அறிவு எனக்கு இருக்கு. ஏழாவதை வேணா இப்பவே மாத்திடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் மாத்திடலாம்."

"என் வீட்டுல இருக்கிறது?"

சின்னவள் பதறிக் கணினிப் பக்கம் திரும்பினாள். முன்கூட்டி விளையாடுகிறவர்கள் ஒவ்வொருவரும் எந்த அறையில் இருக்கிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்பதெல்லாம் ஆபீஸ் திரையில் வந்துகொண்டே இருக்கும். இருபது பேர் பட்டியல். சின்னவளின் விரல் கீழே கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது.

கடுகு. அறை: ஏழுக்கு ஏழு. சீட்டு: ஏழுக்கு ஆறு. நீலக்கதவின் முன். இருபத்திரண்டு நிமிடமாக அசைவில்லை.

"நான் கிளம்பின உடனேயே ஆரம்பிச்சிருக்கா" என்றாள் பெரியவள். "இருபத்திரண்டு நிமிஷமா ஏன் சும்மா இருக்கா? ஆறாவதுல என்ன எழுதியிருக்கு?"

"சாதாரணமாத்தான்... இரு." சின்னவள் திறந்தாள். மை வழியும் எழுத்துகள் திரை முழுக்க விரிந்தன.

'பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துச்சே, அங்கேயே இருந்திருக்கலாமே. என்கிட்ட எதுக்குக் கொண்டுவந்தீங்க?'

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படித்து முடித்தார்கள்.

பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டி. குறைமாதத்தில் பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பெட்டி அது; அந்த வீட்டின் வீரக்கதை. கட்டுரைப் போட்டியில் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறாள் கடுகு. புதிதாக யாரைப் பார்த்தாலும், "நான் பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில இருந்து ஜெயிச்சு வந்தவளாக்கும்" என்று சொல்லாமல் விடமாட்டாள்.

"அக்கா... இதை நான் கவனிக்கவே இல்லக்கா." சின்னவளின் முகம் வெளிறிப்போயிருந்தது. பேரை நீக்கத் தெரிந்த அறிவுக்கு அந்தப் பத்தொன்பது நாளை நீக்கத் தெரியவில்லை. "இங்கேருந்தே நிறுத்திடலாம். இந்த ஒரு பட்டனை அமுக்கினா அவ டேப்புல கேம் நின்னுடும். ஏழாவது வரவே வராது. நிறுத்திடட்டுமா?"

பெரியவள் அந்தப் பட்டனைப் பார்த்தாள். அமுக்கினால் போதும். ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். எரிச்சிட்டேன் என்று அவர் சொன்ன மாதிரி. எரிச்சிட்டேன் என்று இவள் சொன்ன மாதிரி.

"கையை எடு" என்றாள்.

கைப்பேசி ஒலித்தது. வீட்டிலிருந்து.

"அம்மா." கடுகின் குரலில் பேய் இல்லை, கேலி இல்லை. "ஒண்ணு கேப்பேன். கத்தக் கூடாது."

"கத்தல. கேளு."

"அந்தக் குழந்தை நானா?"

ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. 'சித்தி சும்மா நம்ம வீட்டுக் கதையைக் கொஞ்சம் சேர்த்துக்கிட்டாடா' என்றால் நம்பக்கூடச் செய்வாள்.

"ஆமா" என்றாள் பெரியவள்.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப உள்ள இருக்கிறது..."

"நான்தான். எனக்கு அப்ப உடம்பு சரியில்ல, கண்ணு. மனசுக்கு வர்ற நோய் அது. எல்லாத்தையும் சொல்றேன். கிளம்பிட்டேன், அரை மணியில வந்துடுவேன். ஏழாவதை நான் வந்து என் வாயால சொல்றேன். அதுவரைக்கும் கதவைத் தட்டாதே."

"நீ மாத்திச் சொல்லிடுவேம்மா."

"மாட்டேன்."

"கண்ணாடிப் பெட்டிக் கதையை மாத்தித்தானே சொன்னீங்க, இத்தனை நாளா."

கைப்பேசிக்குள் மூன்று தட்டல்கள் கேட்டன. எதிரே ஆபீஸ் திரையில் ஆறு மறைந்து ஏழு வந்தது.

'அது செத்துப்போனா என்னைக் கூப்பிடுங்க. அப்ப கதவைத் திறக்கறேன்.'

ஏழாவதில் இருந்தது அவ்வளவுதான். ஒன்றரை வரி. படிக்க இரண்டு நொடி போதும். பெரியவள் எண்ணிக்கொண்டே நின்றாள். பத்து நொடி. இருபது. மகள் மூச்சு விடுவது கேட்டது.

"படிச்சிட்டேன்" என்றாள் கடுகு.

"கண்ணு..."

"இது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சித்திக்கு?"

பெரியவள் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும்."

"அவங்க ஆபீஸ்ல எல்லாருக்கும்?"

"...ஆமா."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

காலையிலிருந்து தான் ஒருத்திதான் ஏமாற்றப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் பெரியவள்.

மறுமுனையில் கைப்பேசியை எதன்மேலோ வைக்கும் ஓசை. செருப்பைத் தேடிக் கால் உரசும் ஓசை. பிறகு வாசல் தாழ்ப்பாள் விலகியது.

"கடுகு! எங்கே போறே? கடுகு!"

ஆளில்லாத கூடத்தில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.